மிதிவண்டிக்கு ஒரு விளக்கு

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் மாலை ஏழு மணியளவில் இருட்டத் தொடங்கிவிடுகிறது. இணைப்பாட நடவடிக்கை முடிந்து வீடு திரும்பும் மாணவர்கள், வேலை முடிந்து வரும் ஊழியர்கள், உணவு விநியோகம் செய்வோர் எனப் பலரும் அந்த நேரத்தில் மிதிவண்டியில் செல்வதைக் காண்கிறோம். இருட்டில் செல்லும் மிதிவண்டியின் முன்புறத்தில் வெள்ளை விளக்கும் பின்புறத்தில் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும் என்பது விதி. இவ்விதியை அறிந்தவர்கள் பலர். ஆனால், அந்த விளக்கு என்ன வேலை செய்ய வேண்டும் என்று எண்ணிப் பார்த்தவர்கள் சிலரே.

மிதிவண்டி விளக்குக்கு இரண்டு பணிகள் உண்டு. நம்மைப் பிறர் காணச் செய்வது ஒன்று. நாம் பாதையைக் காண்பது மற்றொன்று. தெருவிளக்குகள் நிறைந்த சாலையில் முதல் பணியே முக்கியம். அதற்குச் சிறிய விளக்கே போதும். பழைய மலாயா ரயில் பாதை இருந்த இடத்தில் அமைந்துள்ள 24 கிலோமீட்டர் பசுமைப் பாதையைப் போன்ற இடங்களில் நிலைமை வேறு. விளக்குக் கம்பங்கள் இல்லாத பகுதிகளில் பள்ளத்தையும் மரக்கிளையையும் நடந்து செல்பவரையும் நம் விளக்கின் ஒளியில்தான் காண வேண்டும். அதற்குத் திறன்மிக்க விளக்கு தேவை. அத்தகைய விளக்கைப் பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில் வீட்டிலேயே உருவாக்க முடியும்.

எவ்வளவு தூரம் தெரிய வேண்டும்?

பூங்கா இணைப்புப் பாதைகளில் மிதிவண்டியின் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். அதாவது, வினாடிக்குச் சுமார் 7 மீட்டர். எதிர்பாராத ஒன்றைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கை அழுத்துவதற்கு ஏறத்தாழ 1.5 வினாடி ஆகும் என்று கொள்வோம். அதற்குள் வண்டி 10 மீட்டருக்கும் மேல் சென்றிருக்கும். பிரேக் பிடித்த பிறகும், உலர்ந்த பாதையில் சுமார் 6 மீட்டர் ஓடித்தான் அது நிற்கும். ஆக, குறைந்தது 16 மீட்டருக்கு அப்பால் உள்ள பொருள் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மழை பெய்த பாதையில் இந்தத் தூரம் இன்னும் கூடும். 5 மீட்டர் மட்டுமே காட்டும் விளக்குடன் இதே வேகத்தில் செல்பவர், தடையைக் காணும்போது அதன்மீது மோதாமல் நிற்க அவருக்கு இடமிருக்காது.

டைனமோ முதல் எல்.இ.டி. வரை

முந்தைய தலைமுறையினர் தங்கள் மிதிவண்டிகளில் டைனமோ விளக்கைப் பயன்படுத்தினர். சக்கரத்தோடு உரசிச் சுழலும் சிறு மின்னாக்கி 6 வோல்ட் மின்சாரம் தரும். அதில் 2.4 வாட் முன்விளக்குக்குச் செல்லும். வண்டி வேகமாக ஓடினால் விளக்குப் பிரகாசமாக எரியும். மேட்டில் மெதுவாக ஏறினால் மங்கிவிடும். மேலும், அதிலிருந்த இழை விளக்கு, தான் பெற்ற மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாகவே வீணாக்கியது.

ஒளியுமிழ் இருமுனையம் எனப்படும் எல்.இ.டி. இந்த நிலையை மாற்றியது. 1962ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹோலோன்யாக், கண்ணுக்குப் புலப்படும் சிவப்பு ஒளியைத் தரும் எல்.இ.டி.யை உருவாக்கினார். ஆயினும், வெள்ளை ஒளி பெற நீல எல்.இ.டி. தேவைப்பட்டது. அதனைச் செம்மையாக உருவாக்கிய இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. நீல எல்.இ.டி.யின்மீது மஞ்சள் ஒளியைத் தரும் ஒளிர்பொருளைப் பூசும்போது, நீலமும் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெண்மையாகத் தெரிகின்றன. இழை விளக்கு ஒரு வாட்டுக்குச் சுமார் 10 முதல் 15 லூமென் ஒளி தந்தது. இன்றைய எல்.இ.டி. 100 லூமெனுக்கு மேல் தருகிறது. விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு சில்லுக்கு 3 வாட் கொடுத்தால் 300 லூமென் கிடைக்கும்.

விளக்கின் நான்கு உறுப்புகள்

நாம் செய்யப்போகும் விளக்கில் நான்கு உறுப்புகள் உள்ளன: மின்சாரம் தரும் மூலம், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர், வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகட்டோடு கூடிய எல்.இ.டி., ஒளியைக் குவிக்கும் வில்லை. இவற்றைச் சிம் லிம் டவரில் உள்ள மின்னணு உதிரிபாகக் கடைகளில் வாங்கலாம்.

மின்சாரத்துக்குப் பவர் பேங்க் எனப்படும் கையடக்க மின்னூட்டியைப் பயன்படுத்துவது நல்லது. தனி லித்தியம் அயனி மின்கலங்களை வாங்கி இணைப்பதில் ஆபத்து உண்டு. அவற்றின் முனைகள் தவறுதலாக ஒன்றோடொன்று தொட்டாலும், அளவுக்கு மீறி மின்னேற்றினாலும் தீப்பிடிக்கக்கூடும். தரச் சான்று பெற்ற மின்னூட்டியில் இவற்றைத் தடுக்கும் பாதுகாப்புச் சுற்று அமைந்திருக்கும். அது நமக்கு 5 வோல்ட் மின்சாரத்தைத் தரும்.

அந்த 5 வோல்ட்டை எல்.இ.டி.க்கு நேரடியாகக் கொடுக்கக் கூடாது. நாம் பயன்படுத்தும் எல்.இ.டி. ஏறத்தாழ 3 வோல்ட்டில் 1 ஆம்பியர் மின்னோட்டத்தை ஏற்கும். மின்னழுத்தம் 0.2 வோல்ட் கூடினாலே மின்னோட்டம் ஏறக்குறைய இருமடங்காகிவிடலாம். அதோடு, எல்.இ.டி. சூடாகும்போது அதே மின்னழுத்தத்திலேயே அது இன்னும் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். அதனால் இன்னும் சூடாகும். இப்படியே தொடர்ந்தால் அது கருகிப்போகும்.

2 ஓம் மின்தடையை இடையில் இணைத்து இதைத் தவிர்க்கலாமே என்று தோன்றலாம். தவிர்க்கலாம், ஆனால், மின்னூட்டி தரும் 5 வாட்டில் 2 வாட் அந்த மின்தடையைச் சூடாக்குவதிலேயே கழிந்துவிடும். நூற்றுக்கு நாற்பது பங்கு வீண்! அதனால்தான் மாறாத மின்னோட்டத்தைத் தரும் டிரைவர் எனும் சிறு சுற்றுப் பலகையைப் பயன்படுத்துகிறோம். மின்கலத்தின் நிலை எப்படியிருந்தாலும், எல்.இ.டி. சூடானாலும், அது 1 ஆம்பியரை மட்டுமே அனுப்பும். இழப்பும் குறைவு.

மூன்றாவது உறுப்பின் வேலை வெப்பத்தை அகற்றுவது. எல்.இ.டி. குளிர்ச்சியான விளக்கு என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், அது பெறும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கே ஒளியாகிறது, எஞ்சியது வெப்பமாகிறது. அந்த வெப்பம் ஒளியோடு முன்னால் செல்வதில்லை. சில்லின் பின்புறத்திலேயே தேங்குகிறது. ஆகவே, துடுப்புகள் கொண்ட அலுமினியத் தகட்டில் எல்.இ.டி.யைப் பொருத்துகிறோம். தகடு வெப்பத்தை ஏற்றுக் காற்றில் பரப்புகிறது.

நான்காவது, வில்லை. எல்.இ.டி.யின் ஒளி முன்புறம் எல்லாத் திசைகளிலும் பரவும். 45 பாகை அகலத்துக்கு ஒளியைப் பரப்பும் வில்லை, 10 மீட்டர் தூரத்தில் 8 மீட்டருக்கும் மேற்பட்ட அகலத்தில் அதைச் சிதறவிடும். 15 பாகை வில்லையோ, அதே ஒளியைச் சுமார் 2.6 மீட்டர் அகல வட்டத்துக்குள் குவிக்கும். பரப்பளவு பத்தில் ஒரு பங்காகக் குறைவதால், அந்த இடத்தின் வெளிச்சம் பத்து மடங்காகிறது. மின்சாரம் சிறிதும் கூடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

செய்முறை

முதலில், அலுமினிய அடித்தளத்தோடு கூடிய எல்.இ.டி.யின் நேர்முனையில் சிவப்புக் கம்பியையும் எதிர்முனையில் கறுப்புக் கம்பியையும் ஈயத்தால் பற்றவைக்க வேண்டும். பற்றவைக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணிவதும், சன்னல்களைத் திறந்து வைப்பதும் கட்டாயம்.

அடுத்து, எல்.இ.டி.யின் அடியில் வெப்பம் கடத்தும் பசையை மெல்லிய படலமாகத் தடவி, துடுப்புத் தகட்டின்மீது திருகாணிகளால் இறுக்க வேண்டும். பசையின் வேலை, இரு உலோகப் பரப்புகளுக்கும் இடையிலுள்ள நுண்ணிய காற்றிடைவெளிகளை நிரப்புவதே. அதிகம் தடவினால் அதுவே வெப்பத்துக்குத் தடையாகிவிடும்.

பின்னர், டிரைவரின் வெளியீட்டுக் கம்பிகளை எல்.இ.டி.யோடு இணைக்க வேண்டும். இங்கு வரிசை முக்கியம். எல்.இ.டி. இணைக்கப்படாத டிரைவருக்கு மின்சாரம் கொடுத்துவிட்டுப் பிறகு அதை இணைத்தால், தேங்கியிருந்த மின்சாரம் ஒரே நொடியில் பாய்ந்து எல்.இ.டி.யைக் கெடுத்துவிடக்கூடும். எனவே, எல்.இ.டி.யை இணைத்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். டிரைவரின் உள்ளீட்டுப் பக்கத்தில் ஒரு விசையையும் மின்னூட்டியில் செருகும் கம்பியையும் பொருத்தலாம். ஒவ்வோர் இணைப்பையும் சூடுபட்டால் சுருங்கும் குழாய் உறையால் மூட வேண்டும்.

விளக்கைச் சுவரை நோக்கித் திருப்பிய பிறகே விசையைப் போட வேண்டும். எரியும் எல்.இ.டி.யை நேராகப் பார்ப்பது கண்ணுக்குத் தீங்கு. மல்டிமீட்டரைக் கொண்டு மின்னோட்டம் 1 ஆம்பியராக இருக்கிறதா எனச் சரிபார்க்கலாம். பத்து நிமிடங்கள் எரிந்த பிறகு தகட்டின் வெப்பநிலையை அளந்து பார்க்க வேண்டும். 60 பாகை செல்சியஸைத் தாண்டினால் பெரிய தகடு தேவை. ஓடும் வண்டியில் காற்று தகட்டைக் குளிர்விக்கும் என்பது உண்மைதான். எனினும், போக்குவரத்து விளக்கில் காத்திருக்கும்போது அந்தக் காற்று இராது.

இறுதியாக வில்லையைப் பொருத்தி, முன்பகுதியின் விளிம்புகளை மழைநீர் புகாதவாறு சிலிக்கான் பசையால் அடைக்க வேண்டும். துடுப்புகளைப் பெட்டிக்குள் மூடிவிடக் கூடாது. அவை வெளிக்காற்றில் இருந்தால்தான் பயன் தரும். மின்னூட்டியை நீர்புகாப் பையில் வைத்து வண்டிச் சட்டத்தில் கட்டலாம். 10,000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட மின்னூட்டியில் சுமார் 37 வாட் மணி ஆற்றல் இருக்கும். மாற்றத்தில் ஏற்படும் இழப்புகளையும் சேர்த்து, நம் விளக்கு ஏறத்தாழ 4 வாட்டைப் பயன்படுத்தும். எனவே, அது ஒன்பது மணி நேரம் எரியும். அதில் பாதி அளவுள்ள மின்னூட்டியே அன்றாடப் பயணத்துக்குப் போதும்.

ஒளியின் எல்லை

விளக்கு எரிந்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை. நேராகவோ மேல்நோக்கியோ பொருத்தப்பட்ட திறன்மிக்க விளக்கு, எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். கூசிய கண் மீண்டும் இருளுக்குப் பழகச் சிறிது நேரம் பிடிக்கும். அந்நேரத்தில் அவர் வண்டியோட்டினால் பாதையைக் காண இயலாமல் தவிப்பார். முதியவராக நடந்து வந்தால் கால் இடறி விழவும் கூடும். நம் பாதுகாப்புக்காகச் செய்த விளக்கு பிறருக்கு ஆபத்தாக முடியக் கூடாது. ஜெர்மனியில், மிதிவண்டி முன்விளக்கின் ஒளி குறிப்பிட்ட எல்லைக்கு மேல் எழாமல் வெட்டப்பட்டிருக்க வேண்டும் என்று சட்டமே வகுத்திருக்கிறார்கள்.

விளக்கைச் சரியான சாய்வில் பொருத்த எளிய வழி உண்டு. விளக்கு தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். ஒளியின் நடுப்பகுதி 15 மீட்டர் தூரத்தில் தரையைத் தொட வேண்டும். அப்படியானால், 15 மீட்டரில் 1 மீட்டர் இறங்கும் ஒளி, அதில் மூன்றில் ஒரு பங்கான 5 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு மீட்டர், அதாவது சுமார் 33 சென்டிமீட்டர், இறங்கும். எனவே, வண்டியைச் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்தி, சுவரில் 1 மீட்டர் உயரத்தில் ஒரு கோடும் அதற்கு 33 சென்டிமீட்டர் கீழே மற்றொரு கோடும் இட வேண்டும். ஒளி வட்டத்தின் நடுப்பகுதி கீழ்க்கோட்டில் விழுமாறு விளக்கைச் சாய்த்து இறுக்கினால் போதும். வில்லைக்கு மேலே தொப்பியின் முன்விளிம்பு போன்ற சிறு மறைப்பைப் பொருத்தினால், மேல்நோக்கிச் சிதறும் ஒளி மேலும் குறையும். இரண்டு நிலைகளில் ஒளி தரும் டிரைவரை வாங்கினால், தெருவிளக்கு உள்ள இடங்களிலும் எதிரே ஆள் வரும்போதும் ஒளியைக் குறைத்துக்கொள்ளலாம்.

பழுதடைந்த மின்னூட்டியையும் சுற்றுப் பலகையையும் வீட்டுக் குப்பையோடு சேர்த்துப் போடக் கூடாது. 2021 ஜூலையில் நடப்புக்கு வந்த மின்கழிவுத் திட்டத்தின்கீழ் வைக்கப்பட்டுள்ள சேகரிப்புத் தொட்டிகளில் அவற்றுக்குரிய தொட்டியைக் கண்டு இட வேண்டும்.

கடையில் இதைவிட அழகான விளக்குகள் கிடைக்கும். ஆனால், தாமே ஒரு விளக்கைச் செய்து பார்த்தவர், ஒளியை அதிகமாக்குவது எளிது என்பதையும், அதை வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு விழச் செய்வதே கடினம் என்பதையும் உணர்ந்திருப்பார். மின்னோட்டத்துக்கு ஓர் அளவு, வெப்பத்துக்கு ஒரு வழி, ஒளிக்கு ஓர் எல்லை ஆகிய மூன்றும் அமைந்த விளக்கே நல்ல விளக்கு. அத்தகைய விளக்கு, வண்டியோட்டிக்குப் பாதையைக் காட்டும். எதிரே வருபவருக்கும் அவருடைய பாதையை மறைக்காது.