சிக்குன்குனியாக் காய்ச்சலும் பின்தொடரும் மூட்டுவலியும்

காய்ச்சல் தணிந்தவுடன் நோய் தீர்ந்தது எனக் கொள்வது நம் வழக்கம். சிக்குன்குனியாவைப் பொறுத்தவரை இது பொருந்தாது. காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள் நீங்கிவிடுகிறது. மூட்டுவலியோ வாரக்கணக்கிலும், சிலரிடத்து மாதக்கணக்கிலும், ஒரு சிலரிடத்து ஆண்டுக்கணக்கிலும் நிலைத்துவிடுகிறது.

1952-53ஆம் ஆண்டுகளில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கனீக்கா நாட்டில் (இன்றைய டான்சானியாவின் பகுதி) மகொண்டே மேட்டுநிலத்தில் இந்நோய் முதன்முதலில் இனங்காணப்பட்டது. உடலை வளைத்து ஒடுக்குவது என்பது அம்மக்களின் மொழியில் இப்பெயரின் பொருள். கோழிக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பெயரின் ஒலியால் எழுந்த அந்த மயக்கத்தை ஆசிரியர்கள் மாணவர்களிடையே போக்குதல் நலம். நம் நாட்டில் 1963இல் கல்கத்தாவிலும், 1964இல் சென்னையிலும் வேலூரிலும் இந்நோய் பரவியது. 1973க்குப் பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெரிதாகத் தலைகாட்டாதிருந்து, 2005 இறுதியில் மீண்டும் தோன்றியது. 2006ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 13.9 லட்சம் பேர் ஐயத்திற்குரிய நோயாளிகளாகக் கணக்கிடப்பட்டனர்.

வலி எஞ்சும் இடங்கள் பெரும்பாலும் கைவிரல்கள், மணிக்கட்டு, கணுக்கால், முழங்கால் ஆகியவை. இருபுறமும் ஒருசேர வலிப்பது இதன் இயல்பு. காலையில் எழுந்தவுடன் மூட்டுகள் இறுகிக் கிடக்கும். சற்று நடமாடிய பின் தளரும். கடும் உழைப்பிற்குப் பின் மீண்டும் வலி மிகும். ஈரத்துணியைப் பிழிய இயலாமை, நீர்க்குடத்தைத் தூக்க இயலாமை, சுண்ணக்கட்டியை அழுத்தி எழுத இயலாமை ஆகியவற்றை நோயாளிகள் கூறக் கேட்கலாம். சோர்வும் உடன் நிற்பதுண்டு. வெளிப்பார்வைக்கு நலமாகத் தோன்றுவதால், இவர்கள் பாசாங்கு செய்வதாக வீட்டாரும் வேலை கொடுப்போரும் எண்ணிவிடுகின்றனர். கூலி வேலை செய்வோருக்கு இவ்வெண்ணம் நோயினும் கொடியது.

வைரஸ் இரத்தத்தில் ஏறத்தாழ ஒரு வாரமே காணப்படும். அவ்வாறாயின் வலி நீடிப்பது ஏன்? ரெயூனியன் தீவில் நிகழ்ந்த பெரும் பரவலுக்குப் பின் ஆராய்ந்தபோது, ஒரு நோயாளியின் மூட்டு உட்சவ்வில் பதினெட்டு மாதங்கள் கழித்தும் வைரஸின் எச்சங்கள் காணப்பட்டன. உடலின் தற்காப்பு ஆற்றல் அவ்வெச்சங்களை எதிர்த்துக்கொண்டே இருப்பதால் அழற்சி நீடிக்கக்கூடும். ஒருவரிடம் கண்டதை எல்லோருக்கும் விதியாக்குதல் தகாதெனினும், வலி கற்பனையன்று என்பதற்கு இது தக்க சான்று. இரத்தத்திலிருந்து வைரஸ் நீங்கிவிட்டமையால், நாட்பட்ட வலியுடையவரைக் கடிக்கும் கொசு இந்நோயைப் பரப்பாது. அவரை ஒதுக்கிவைக்க வேண்டுவதில்லை.

நாற்பத்தைந்து வயதைக் கடந்தோர், முன்னரே மூட்டுநோய் உடையோர், தொடக்கத்திலேயே கடும் வலியுற்றோர் ஆகியோரிடம் இது நீடிக்கும் வாய்ப்பு மிகுதி.

இந்த வைரஸை அழிக்கும் மருந்து இல்லை. காய்ச்சல் நாட்களில் பாரசிட்டமால் போதும். டெங்கு அன்று என உறுதிப்படும்வரை ஆஸ்பிரின் போன்றவற்றைத் தவிர்த்தல் வேண்டும்; டெங்குவாயின் அவை இரத்தப்போக்கை மிகுவிக்கும். பிற்கால வலிக்கு மருத்துவர் வேறு மருந்துகள் தரலாம். மருந்துக் கடையில் தாமாகவே ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி உண்பது மிகவும் வருந்தத்தக்க பழக்கம். இரண்டே நாளில் வலி பறந்துவிடும், நிறுத்தியதும் திரும்பிவிடும். தொடர்ந்து உண்டால் இரத்தத்தில் சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும். முற்றிலும் படுத்தே கிடப்பதும் மூட்டுகளை இறுகச் செய்யும். மூட்டுகளை நாள்தோறும் மெல்ல மடக்கி நீட்டுதலே தக்கது.

களப்பணியாளரின் பதிவேட்டில் காய்ச்சல் நின்றதும் 'குணம்' என்று எழுதி முடித்துவிடுவது எளிது. மூன்று மாதங்கள் கழித்து அதே வீட்டிற்கு மீண்டும் சென்று, காலையில் விரல்களை முழுமையாக மடக்க இயலுகிறதா என ஒரு வினா கேட்டல் வேண்டும். இயலவில்லையெனில், அவரை மூட்டுநோய் மருத்துவம் உள்ள மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். முடக்குவாதம் போன்ற வேறொரு நோய் இவ்வலியின் பின்னே மறைந்திருக்கவும் கூடும்.