பீரங்கிக் குண்டு விழுந்த இடம்தான் எல்லை! கடலூர் நகராட்சி முதல் தனி அலுவலர் வரை... ஓர் உள்ளாட்சிக் கதை

விருத்தாசலத்தில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் ஐந்தாவது நிமிடத்தில் ஒரு கோரிக்கை வந்துவிடும். "எங்க ஊரைத் தனி மாவட்டமா அறிவிக்கணும்!" பீங்கான் பொம்மைக்கு வண்ணம் பூசுகிறவர், டீக்கடைக்காரர், கல்லூரி மாணவி என எல்லோரிடமும் இதே வரிதான். காரணம் எளிது. கலெக்டரிடம் ஒரு மனு கொடுக்க வேண்டுமென்றால் திங்கட்கிழமை காலையில் பஸ் ஏறி மந்தாரக்குப்பம், நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி என்று ஒவ்வோர் ஊராகக் கடந்து, சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி கடற்கரையில் இருக்கும் கடலூருக்குப் போக வேண்டும். போக வர ஒரு நாள் கூலி போச்சு.

சரி, மாவட்டத்தின் நடுவில் எத்தனையோ ஊர்கள் இருக்க, ஓரத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் கடலூர் எப்படித் தலைநகரானது? இதைத் தேடிப் போனால், கதை ஒரு பீரங்கியில் போய் நிற்கிறது.

குண்டு கிராமங்கள்

1690-ம் வருடம். செஞ்சிக் கோட்டையில் மராட்டிய மன்னர் ராஜாராம் இருக்கிறார். தேவனாம்பட்டினத்தில், கெடிலம் ஆறு கடலில் கலக்கும் இடத்தருகே இருந்த கோட்டையை விற்கச் சம்மதிக்கிறார். வாங்கியது ஆங்கிலேயக் கிழக்கிந்திய கம்பெனி. அப்போது சென்னையில் கம்பெனியின் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். ஆம், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே மனிதர்தான்.

ஒப்பந்தத்தில்தான் விஷயமே இருக்கிறது. கோட்டை மட்டுமல்ல, கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரையிலான ஊர்களும் கம்பெனிக்குச் சொந்தம் என்று எழுதிக்கொண்டார்கள். கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? இருப்பதிலேயே நல்ல பித்தளைப் பீரங்கி சென்னையிலிருந்து வந்தது. எவ்வளவு மருந்து போட்டு, எப்படிக் கிட்டித்துச் சுடுவது என்பதெல்லாம் பீரங்கிக்காரனின் திறமை என்று அதிகாரிகள் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். செப்டம்பர் மாதத்தில் பல திசைகளிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த இடமெல்லாம் எல்லையானது.

அந்த வட்டத்துக்குள் வந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்தது. கடலூரில் இன்றைக்கும் 'குண்டு சாலை' இருக்கிறது. 'குண்டு உப்பலவாடி' என்று ஓர் ஊராட்சியே இருக்கிறது. தன் ஊர் யாருடைய ஆட்சிக்குள் போகிறது என்று அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்குக் கேட்டதெல்லாம் வெடிச் சத்தம் மட்டும்தான்.

வாங்கிய இடம்தான் செயின்ட் டேவிட் கோட்டை. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, ஆங்கிலேயர் தங்கள் தலைமையிடத்தையே இங்கே மாற்றிக்கொண்டார்கள். ராபர்ட் கிளைவ் 1756-ல் இதே கோட்டைக்குத் துணை கவர்னராக வந்தார். இரண்டே வருடத்தில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்துத் தகர்த்தது தனிக்கதை. 1801-ல் தென்னார்க்காடு முழுவதும் நவாப்பிடமிருந்து கம்பெனி கைக்கு வந்தபோது, ஏற்கெனவே பழகிய கடலூர்தான் ஜில்லாவின் தலைநகரம் ஆனது. விருத்தாசலத்துக்காரர் இன்று பஸ் ஏறுவதற்குக் காரணம் புரிகிறதா?

கடற்கரையில் பிறந்த மன்றங்கள்

கடற்கரையில் வந்து இறங்கியவர்கள் முதலில் ஒரு நிர்வாகத்தை உருவாக்கி, அதை வைத்து உள்நாட்டைப் பிடிப்பது கடலூரில் மட்டும் நடந்ததல்ல. மெக்சிகோ நாட்டின் வேராகுருஸ் கதை இதைவிட சுவாரஸ்யம். 1519-ல் ஸ்பெயின் நாட்டு எர்னான் கோர்த்தேஸ் அங்கே கப்பலில் வந்து இறங்கினார். அவரை அனுப்பியது கியூபாவின் கவர்னர். ஊரைப் பிடிக்கும் அதிகாரமெல்லாம் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. என்ன செய்தார்? தன்னோடு வந்த சிப்பாய்களைக் கொண்டே கடற்கரையில் ஒரு நகர மன்றத்தை அமைத்தார். அந்த மன்றத்திடம் தன் பழைய பதவியை ராஜினாமா செய்தார். மன்றம் உடனே அவரையே தளபதியாக நியமித்தது! ஊர் கட்டும் முன்பே நகர மன்றம் வந்துவிட்டது. அமெரிக்கக் கண்டத்தின் பெருநிலப் பகுதியில் ஐரோப்பியர் அமைத்த முதல் நகர மன்றமாக அதைச் சொல்கிறார்கள். அந்த மண்ணில் ஏற்கெனவே வாழ்ந்தவர்களுக்கு அதில் ஒரு நாற்காலியும் இல்லை.

நம் சென்னை மாநகராட்சியும் கம்பெனி தந்ததுதான். 1688 செப்டம்பர் 29-ல் நத்தானியேல் ஹிக்கின்சன் முதல் மேயராகப் பதவியேற்றார். வரி போட்டால் ஜனங்கள் கொந்தளிக்கிறார்கள், அவர்களில் சிலரையும் உள்ளே உட்கார வைத்தால் எளிதாக வசூலிக்கலாம் என்பதே கம்பெனியின் எண்ணம். பாராட்ட வேண்டிய ஒரே விஷயம், 12 ஆல்டர்மேன்களில் உள்ளூர் இந்துக்களும் இருந்தார்கள்.

கடலூருக்கு நகராட்சி வந்தது 1866-ல். அதற்கு முந்தைய வருடம் நிறைவேறிய நகர மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வந்தது. நகராட்சி என்றதும் தேர்தல், கவுன்சிலர், கரைவேட்டி என்று கற்பனை செய்ய வேண்டாம். கலெக்டர் தலைமையில், அரசு நியமித்த சிலர் உட்கார்ந்து தெரு, சாக்கடை, விளக்கு பற்றிப் பேசினார்கள். செலவு ஊராருடையது, முடிவு அதிகாரிகளுடையது.

1882 மே 18-ல் வைஸ்ராய் ரிப்பன் வெளியிட்ட தீர்மானம்தான் கதவைக் கொஞ்சம் திறந்தது. சென்னை மாநகராட்சிக் கட்டடத்துக்கு ரிப்பன் மாளிகை என்ற பெயர் வந்ததும் அவரால்தான். 1884-ல் வந்த சட்டத்தின்படி நகராட்சி உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு வரை வரி கட்டுகிறவர்கள் தேர்ந்தெடுக்கலாம். அதே வருடம் கிராமப்புறங்களுக்கு ஜில்லா போர்டு, தாலுகா போர்டுகள் வந்தன. வயதானவர்கள் அரசுப் பள்ளியை இன்னமும் 'போர்டு ஸ்கூல்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த போர்டு இதுதான்.

இந்தச் சின்னப் பதவிகளை லேசாக நினைக்க வேண்டாம். ராஜாஜி சேலத்திலும், பெரியார் ஈரோட்டிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில், 1910-களின் இறுதியில், நகராட்சித் தலைவர்களாக இருந்தார்கள். இருவரும் நண்பர்களானதே அந்த நாள்களில்தான்.

குடவோலை... முழுக்கதை

'உள்ளாட்சி ஆங்கிலேயன் கொடுத்ததா? நம்ம உத்திரமேரூர் கல்வெட்டைப் படிச்சுட்டு வா தம்பி' என்று யாராவது கமென்ட் போடுவதற்குள் அங்கே போய்விடலாம்.

முதலாம் பராந்தகச் சோழனின் ஆட்சியில், 919 மற்றும் 921-ம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகள் நிஜமாகவே ஆச்சர்யம்தான். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். இன்றைய வார்டு மாதிரி. தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். வயது 35-லிருந்து 70-க்குள் இருக்க வேண்டும். ஏற்கெனவே பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருக்கு மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய சொந்தக்காரர்களுக்கும் இல்லை! இந்த ஒரு விதி இன்று இருந்தால் எத்தனை வேட்பு மனு தேறும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால், பாடப்புத்தகம் சீக்கிரமாகக் கடந்துபோகும் இன்னொரு பக்கமும் அதே கல்வெட்டில் இருக்கிறது. உத்திரமேரூர் ஒரு பிரம்மதேயம். சொந்த நிலமும் வீடும் வைத்திருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஆக, அந்த ஊரில் ஏர் ஓட்டியவருக்கும் பெண்களுக்கும் ஓலையில் பெயர் இல்லை. குடம் நேர்மையானதுதான். குடத்துக்குள் யார் பெயர் போகலாம் என்பதுதான் கேள்வி.

ஏலமும் தரையும்

அந்தக் கேள்விக்குச் சுதந்திர இந்தியா பதில் சொல்ல 1990-கள் வரை ஆனது. டிப்ளமோ வகுப்பில் '73-வது திருத்தம் கிராமத்துக்கு, 74-வது திருத்தம் நகரத்துக்கு' என்று நாங்கள் மனப்பாடம் செய்த அந்தச் சட்டங்கள், 1993-ல் நடைமுறைக்கு வந்தன. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம். பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீடு. அதற்கு முன்பு நிலைமை எப்படி இருந்தது தெரியுமா? 1973-ல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சிக்கு 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. 23 வருடம்! 1996-ல் தமிழகம் முழுக்க நடந்த தேர்தல்தான் புதிய தொடக்கம்.

சட்டம் வந்ததும் எல்லாம் மாறிவிடவில்லை. மதுரை மாவட்டம் மேலவளவில், தனித்தொகுதியில் வென்ற ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் இருந்த ஆறு பேரும் 1997 ஜூன் 30-ல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 வரை முறையான தேர்தலே நடத்த முடியவில்லை.

நம் கடலூர் மாவட்டமும் இதில் சளைத்ததில்லை. 2019 டிசம்பரில், பண்ருட்டி அருகே நடுக்குப்பத்தில் ஊராட்சித் தலைவர் பதவி 50 லட்ச ரூபாய்க்கு ஏலம் போனதாகச் செய்தி வெளியாகி மாநிலமே அதிர்ந்தது. அடுத்த வருடம் அக்டோபரில் தெற்குத் திட்டை ஊராட்சியிலிருந்து ஒரு புகைப்படம் வந்தது. மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருந்தார். கூட்டத்துக்குத் தலைவரே அவர்தான். படம் பரவிய பிறகுதான் வழக்கு, கைது என்று நடவடிக்கை வந்தது.

அதே மாவட்டத்தில் இன்னொரு காட்சியும் உண்டு. 2021 ஆகஸ்டில் கடலூர் நகராட்சி மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது. 2022 பிப்ரவரி தேர்தலுக்குப் பிறகு, 45 வார்டு கவுன்சிலர்கள் வாக்களித்ததில் சுந்தரி ராஜா முதல் மேயரானார். பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பதவி அது. ஆளும் கட்சிக்குள்ளேயே போட்டி மூண்டு பரபரப்பானது. அதனால் என்ன, போட்டி நடந்ததே! 1866-ல் கலெக்டர் கைகாட்டியவர்கள் உட்கார்ந்த ஊர் இது.

இப்போது யார் பொறுப்பு?

விருத்தாசலம் நகராட்சியில் 33 வார்டுகள். குழாயில் தண்ணீர் வரவில்லையா, தெருவிளக்கு எரியவில்லையா, 2022-ல் நீங்கள் ஓட்டுப் போட்ட கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டலாம். (அந்த விளக்குக்கான பீங்கான் பியூஸ் கேரியர் இதே ஊரில் சுட்டதாகக்கூட இருக்கலாம்.) ஆனால், நகராட்சி எல்லையைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் போனால் கதை வேறு. கடலூர் உட்படப் பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியுடன் முடிந்தது. மறுதேர்தல் நடக்காத நிலையில், பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. இதே மாதிரி 2016-ல் முடிந்த பதவிக்காலத்துக்கு அடுத்த தேர்தல் நடக்க மூன்று வருடமும், நகரங்களில் ஐந்து வருடத்துக்கு மேலும் ஆனது நினைவிருக்கும். பக்கத்தில் புதுச்சேரி இன்னும் மோசம். 1880-லேயே பிரெஞ்சுக்காரர்கள் உள்ளாட்சி மன்றங்கள் அமைத்த இடம் அது. 'கொம்யூன் பஞ்சாயத்து' என்ற பெயர் இன்றும் இருக்கிறது. ஆனால், 1968-க்குப் பிறகு அங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல் ஒருமுறைதான்.

தனி அலுவலர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால், அவர் பல ஊர்களைச் சேர்த்துப் பார்க்கிறார். இடமாற்றம் வந்தால் போய்விடுவார். அடுத்த முறை உங்களிடம் ஓட்டுக் கேட்டு வர வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. 'மோட்டார் ரிப்பேர்' என்று சொல்ல வட்டார வளர்ச்சி அலுவலகம் வரை போக வேண்டியிருக்கிறது.

தலைவர் இல்லை என்பதால் கிராம சபையும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு முறை கூட்ட வேண்டிய கிராம சபையைத் தனி அலுவலர் காலத்திலும் கூட்டியாக வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள யாரும் எழுந்து நின்று வரவு செலவுக் கணக்கைக் கேட்கலாம். தீர்மான நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.