கோவாப் புழுவும் பளிங்குப் புரதமும்

வட்டகொடை போன்ற மலைநாட்டுப் பகுதிகளிற் கோவா பயிரிடுவோர்க்குப் பெரும் பகையாயிருப்பது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுவாகும். இதனை அழிக்கவல்ல 'பசிலசு துரிஞ்சியென்சிசு' எனும் பற்றீரியாவை 1901 ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர் இசிவாத்தா நோயுற்ற பட்டுப்புழுக்களிற் கண்டார்.

இப்பற்றீரியா வித்திகளுடன் புரதப் பளிங்கையும் ஆக்குகின்றது. புழு இலையோடு அதனை உண்டதும், குடலின் காரத்தன்மையாற் பளிங்கு கரைகின்றது. குடற்சாறு அதனை வெட்டி நஞ்சாக்குகின்றது. நஞ்சின் மூலக்கூறுகள் குடற்கலங்களின் மென்சவ்வில் ஒட்டி, ஒன்றுகூடித் துளையிடும். துளை வழியே நீர் புகக் கலங்கள் வீங்கி வெடிக்கும். புழு விரைவில் தின்பதை நிறுத்தி, சில நாள்களில் மடியும். மனிதர் குடலில் இந்நஞ்சு ஒட்டுதற்கேற்ற இடம் இல்லை.

மருந்து புழுவின் வயிற்றுட் சென்றாலன்றிப் பயனில்லை. ஆகவே புழு சிறிதாயிருக்கையிலேயே, இலையின் அடிப்புறமும் நனையுமாறு விசிறுக. வெயில் புரதத்தைச் சிதைக்குமாதலின் மாலை வேளையே ஏற்றது.

இதனையே ஓயாது விசிறின், நஞ்சு ஒட்டாத கலங்களையுடைய புழுக்கள் பெருகி, மருந்து பயனற்றுப்போம். அவாய்த் தீவுகளில் இப்புழு இம்மருந்தை எதிர்த்து நின்றமை 1990 இல் வெளியிடப்பட்டது. ஆதலின் வேறு வகை மருந்துகளுடன் மாற்றி மாற்றி விசிறுக. முறையை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக.