பண்படுத்தலும் காத்தலும்

மரம் நட்ட அளவிலே மலையைக் காத்துவிட்டோம் என்று நாம் எண்ணிவிடலாகாது. பழனி மலைத்தொடரின் மேல்மலைக்கு இயல்பாய் உரியவை சோலைக்காடுகளும் அவற்றிடையே பரந்த புல்வெளிகளுமாம். மழைநீரை ஏந்தி ஓடைகளுக்கு ஈபவை இவையே. புல்வெளியைத் தரிசு நிலமெனக் கருதினோர், தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரத்தையும், விறகிற்கும் கூழிற்குமாகத் தைல மரத்தையும் அங்கே நட்டனர். புல்வெளி சுருங்கியது, காட்டெருமையும் வரையாடும் மேய்ச்சலை இழந்தன.

1985-இல் தோன்றிய பழனி மலைப் பாதுகாப்புக் குழு, நாற்றங்கால் அமைத்து மலைக்குரிய மரக்கன்றுகளை வளர்த்து உழவர்க்கு அளித்தது. கீழ்மலையிலுள்ள ஆடலூர் போன்ற ஊர்களுக்கு இவ்வழி மிகப் பொருந்தும். காப்பிச் செடிக்கு நிழல் வேண்டும். அந்நிழலைச் சில்வர் ஓக் மட்டுமன்றி நாட்டு மரங்களும் தருமாயின், பறவைக்கும் மலையணிலுக்கும் தோட்டமே உறைவிடமாகும். 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஆயினும், சரணாலயத்தின் எல்லையோடு யானையின் வழித்தடம் நின்றுவிடுவதில்லை. ஆகவே தோட்டக்காரரின் ஒத்துழைப்பின்றி இப்பணி நிறைவேறாது.

ஆதியாகமம் 2:15 மனிதனுக்குப் பண்படுத்தல், காத்தல் என்னும் இரு பணிகளை ஒருசேர வைக்கிறது. முன்னதை நாம் ஊக்கமாய்ச் செய்துவந்தோம். எதை எங்கே நடலாம், எங்கே நடாது விடவேண்டும் என்று பகுத்தறிவதே பின்னதன் தொடக்கமாகும்.