போதகர் மகளின் பாட்டு

இரவு விடுதிகளில் பாடிப் புகழ்பெற்ற ஒரு பெண்மணியின் வரலாறு பங்குக் குடும்பங்களின் இதழுக்கு ஏற்றதா என்று வாசகருள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சற்றுப் பொறுமையுடன் வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். நீனா சிமோன் என்று உலகம் அறிந்த இப்பாடகியின் இசை பிறந்த இடம் விடுதியன்று. ஓர் எளிய ஆலயமே.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வட கரோலினா மாநிலத்து ட்ரையான் என்னும் சிற்றூரில், 1933 பிப்ரவரி 21-ஆம் நாள், கறுப்பின ஏழைக் குடும்பமொன்றில் எட்டு மக்களுள் ஆறாவதாகப் பிறந்தவள் யூனிஸ் கேத்லீன் வேமன். தாயார் மெதடிஸ்ட் சபையின் போதகி. வயிற்றுப்பாட்டுக்காக வெள்ளையர் இல்லத்தில் பணிப்பெண்ணாகவும் உழைத்தார். தந்தையார் முடிதிருத்துதல், துணி வெளுத்தல் எனக் கிடைத்த தொழிலையெல்லாம் செய்தவர். பள்ளிக்குச் செல்லும் வயது வருமுன்னரே குழந்தை பியானோவில் ஞானப்பாடல்களை வாசிக்கலானாள். ஆராதனைகளில் வாசிப்பது விரைவில் அவள் கடமையாயிற்று.

தாயார் பணிபுரிந்த வீட்டின் தலைவி சிறுமியின் திறமையைக் கண்டு இசைப் பயிற்சிக்குப் பணம் கொடுத்தார். பின்னர் ஊரார் நிதி திரட்டினர். ஆங்கிலேய ஆசிரியை ஒருவர் அவளுக்கு ஜெர்மானிய மேதை பாக்கின் இசையைக் கற்பித்தார். தம் கோவில் இசைச்சுவடிகளின் இறுதியில் ‘இறைவனுக்கே மகிமை’ என்று எழுதிவைத்த அதே பாக்தான். கறுப்பினத்தாரிலிருந்து செவ்வியல் இசைக்கச்சேரி செய்யும் முதல் பெண்ணாக வரவேண்டும் என்ற ஆசை அவள் உள்ளத்தில் அன்று வேரூன்றியது.

பதினொன்று, பன்னிரண்டு வயதில் நடந்த அவளது கச்சேரியில் முன்வரிசையில் அமர்ந்திருந்த பெற்றோரை எழுப்பி, வெள்ளையருக்கு இடம்விட்டுப் பின்னே போகச் சொன்னார்கள். அவர்களும் வாய்பேசாது எழுந்தனர். சிறுமியோ, பெற்றோர் மீண்டும் முன்னே வந்து அமர்ந்தாலன்றி வாசிக்கமாட்டேன் என்று மறுத்துவிட்டாள். அவர்களை முன்னே கொண்டுவந்த பிறகே கச்சேரி நடந்தது. பெற்றோரைக் கனம்பண்ணுவாயாக என்ற கற்பனையை அப்பிள்ளை கைக்கொண்ட விதம் இது.

பள்ளிப்படிப்பு முடிந்தபின் நியூயார்க்கின் ஜூலியார்டு இசைப்பள்ளியில் ஒரு கோடைகாலம் பயின்று, 1951-இல் ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாள். இடம் கிடைத்துவிடும் என்று நம்பிக் குடும்பமே அந்நகருக்குக் குடிபெயர்ந்தது. இடம் கிடைக்கவில்லை. தோலின் நிறமே காரணம் என்று இறுதிவரை அவர் நம்பினார். கழகத்தார் அதை மறுத்தே வந்தனர்.

பிழைப்பு வேண்டுமே! 1954-இல் அட்லாண்டிக் சிட்டி நகரின் மதுவிடுதியொன்றில் பியானோ வாசிக்க அமர்ந்தார். பாடவும் வேண்டும், இல்லையேல் வேலை இல்லை என்றார் விடுதிக்காரர். பாடினார். விடுதிப் பாட்டைப் பேயின் பாட்டென்று வெறுக்கும் தாயாருக்குத் தெரியாதிருக்கவே நீனா சிமோன் என்று பெயரை மாற்றிக்கொண்டார். விடுதிக்குள்ளும் பாக் அவரை விட்டகலவில்லை. காதற்பாட்டின் நடுவே பாக்கின் பாணியில் இழைகள் பின்னிப் பிணையும். ஜாஸ், புளூஸ், சோல், ஆலயப்பாட்டு யாவும் அந்தக் கனத்த குரலில் ஒன்றாகும். முதல் இசைத்தட்டின் உரிமையை வெறும் 3,000 டாலருக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். அதிலிருந்த பாட்டொன்று 1987-இல் வாசனைத்தைல விளம்பரத்தால் இங்கிலாந்தில் பெரும்புகழ் பெற்றது. அந்த உரிமையோ அவர் கையில் இல்லை. பத்திரத்தில் கையெழுத்திடும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைப்பது நலம்.

1963 ஏப்ரல் 12, பெரிய வெள்ளிக்கிழமை. நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில் அவர் பாடிய அதே நாளில், அலபாமா மாநிலத்து பர்மிங்காம் நகரில் மார்ட்டின் லூத்தர் கிங் சிறைபிடிக்கப்பட்டார். செப்டம்பர் 15, ஞாயிறன்று, அந்நகரின் பாப்டிஸ்ட் ஆலயத்தில் வெள்ளை இனவெறியர் வைத்த வெடிகுண்டு நான்கு சிறுமியரைக் கொன்றது. மூவருக்கு வயது பதினான்கு, ஒருத்திக்குப் பதினொன்று. செய்தி கேட்டதும் ஆயுதம் செய்யவே தம் கை துணிந்தது என்றும், பிறகு பியானோவின் முன் அமர்ந்து ஒரு மணி நேரத்தில் பாட்டொன்றை எழுதினார் என்றும் தம் வரலாற்றில் கூறுகிறார். ‘மிசிசிப்பி காட்டேம்’ என்பது அதன் பெயர். அப்பெயரில் இறைவனின் திருநாமம் சாபச்சொல்லாக வருகிறது. அதனை நாம் ஏற்பதற்கில்லை. எனினும் ஆலயத்திலேயே பிள்ளைகள் வெடித்துச் சிதறியபோது எழுந்த கூக்குரல் அது. சங்கீதங்களிலும் இத்தகைய கொதிப்பு உண்டு. திருப்புகழ்மாலை சொல்லும் குருக்கள் அறிவர். தென்மாநிலங்களில் அவ்விசைத்தட்டை உடைத்துத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. 1968-இல் கிங் கொல்லப்பட்ட மூன்றாம் நாளே, அவருக்காகப் புதிதாய் இயற்றிய இரங்கற்பாட்டை மேடையில் பாடினார்.

இல்லற வாழ்வைப் பற்றியும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1961-இல் மணந்த கணவர் அவரை அடித்துத் துன்புறுத்தினார். 1962-இல் பிறந்த ஒரே மகள், தாயின் கையால் தானும் அடிபட்டதைப் பிற்காலத்தில் வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். மனநோய் அவரை வாட்டிவந்தது. அதன் பெயரை மருத்துவர் கண்டு சொன்னது 1980-களில்தான். அதுவரை அருகிலிருந்தோர் அதைத் திமிர் என்றும் கோபம் என்றுமே எண்ணினர். நம் இல்லங்களிலும் இப்படிப் பெயர் தெரியாத நோயைக் குணக்கேடென்று ஏசுவதை நாம் கண்டதுண்டு.

தாயகத்தின்மீது மனம் கசந்து பார்படோஸ், லைபீரியா, சுவிட்சர்லாந்து எனத் திரிந்து, இறுதியில் பிரான்சின் தென்கரையில் கரி-லெ-ருவே என்னும் ஊரில் தங்கினார். 2003 ஏப்ரல் 21-ஆம் நாள் அங்கே உயிர்நீத்தார். அதற்கு இரண்டு நாள் முன்புதான், 1951-இல் இடந்தராத கர்ட்டிஸ் கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்திருந்தது.

மெதடிஸ்ட் போதகர் மகளின் அடக்கத் திருச்சடங்கு அவ்வூர்க் கத்தோலிக்கப் பங்குக்கோவிலில் நடந்தது. தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மகேபா முதலியோரும் ஊர்மக்கள் பலரும் வந்திருந்தனர். அவரது சாம்பல் ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் தூவப்பட்டது. சாம்பலைத் தூவும் வழக்கத்தைத் திருச்சபை ஏற்பதில்லை. ஆயினும் அடிமைகளாய்க் கொண்டுசெல்லப்பட்டவரின் வழித்தோன்றல் அம்மண்ணுக்குத் திரும்ப விழைந்தது நமக்குப் புரிகிறது. ட்ரையானில் அவர் பிறந்த மூன்றறை மரவீடு இடிபடும் நிலையில் இருந்தது. 2017-இல் கறுப்பினக் கலைஞர் நால்வர் சேர்ந்து அதனை விலைக்கு வாங்கிக் காத்தனர்.