தந்தை எறிந்த துண்டு

வெற்றி பெற்ற திரைப்படத்திற்கு இரண்டாம் பாகம் எடுப்பது இன்று வழக்கமாகிவிட்டது. குத்துச்சண்டைப் படங்களுக்கு இவ்வழக்கு மிகவும் பொருந்தும். முதற்பாகத்தில் வீரன் தனக்காகப் பொருதுகிறான். அடுத்ததில் ஒரு தலைமுறையின் சுமையைத் தாங்கிப் பொருதுகிறான். பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021) படத்தில், தன் கணவனைப் போல் மகனும் அழிவானோ என்றஞ்சிய தாய், கபிலனைக் களத்திற்குச் செல்லவொட்டாமல் தடுக்கிறாள். அதன் இரண்டாம் பாகம் 2023-இல் அறிவிக்கப்பட்டது. பெற்றோரின் இவ்வச்சத்தையே மையமாகக் கொண்டு 2018-இல் வெளிவந்தது 'கிரீட்' படத்தின் இரண்டாம் பாகம்.

புறநானூற்றுக் களம்

தந்தை காண மகன் பொருதல் தமிழுக்குப் புதிதன்று. போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடினார் (புறம். 80). கிள்ளி தன் தந்தை தித்தனோடு பகைத்துப் பிரிந்திருந்தவன் என்பர். மகிழ்ந்தாலும் மகிழாவிடினும் தித்தன் இம்மற்போரைக் காணவேண்டும் என்பது புலவரின் விழைவு. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாயோ, தமையனையும் கணவனையும் களத்தில் இழந்த பின்னரும், தன் ஒரே மகன் கையில் வேல் கொடுத்து அனுப்புகிறாள் (புறம். 279).

திரையரங்கில் கண்டது

1985-இல் வெளிவந்த 'ராக்கி' நான்காம் பாகத்தில், இவான் டிராகோவின் குத்துகளால் அப்போலோ கிரீட் களத்திலேயே இறக்கிறான். வீரனின் பக்கத்தார் துண்டை அரங்கினுள் எறிந்தால் தோல்வியை ஒப்பியதாகும், ஆட்டம் நிற்கும். துண்டு ராக்கியின் கையில் இருந்தது, அவன் எறியவில்லை. பின்னர் ராக்கியிடம் தோற்று நாட்டின் மதிப்பை இழந்த டிராகோ, இழந்ததை மீட்கத் தன் மகன் விக்டரைப் பழக்குகிறான். 2018-ஆம் ஆண்டுப் படத்தில் விக்டரும் அப்போலோவின் மகன் அடோனிசும் மாஸ்கோவில் மோதுகின்றனர். மகன் தளர்ந்து அடிபடுவதைக் கண்ட டிராகோ துண்டை எறிகிறான். அடிக்கு அடி கைதட்டிய அரங்கம் அப்போது அமைதியுற்றது. வென்றவன் யார் என்பதைவிட, அத்தந்தையின் முகமே நெஞ்சில் நின்றது.

மாசாத்தியாரின் தாய்க்கு முரணானவனா டிராகோ? அல்லன் என்பதே என் கருத்து. அவள் மகன் சென்றது ஊரைக் காக்க. விக்டர் நின்றது தந்தையின் பழைய தோல்விக்காக. காரணம் பிழையெனத் தெளிந்த பின் மகனைக் களத்தில் நிறுத்துதல் வீரமாகாது.

கந்தக மண்ணில்

நம் மாவட்டத்திற்கு இஃது ஏட்டுச் செய்தியன்று. பட்டாசு மருந்துக் கலவையில் சிறு உராய்வும் உயிரைப் பறிக்கும். 2012 செப்டம்பர் 5-இல் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் குறித்து எழுந்த எம்.சி. மேத்தா வழக்கில், உச்சநீதிமன்றம் 1996 டிசம்பர் 10-இல் தீர்ப்பளித்தது. அபாயத் தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதியில் செலுத்தப் பணித்தது. குழந்தைகளுக்காகச் சட்டம் எறிந்த துண்டு அது.

எனினும், சட்டம் எட்டாத இடமொன்றுண்டு; அது வீடு. பதினெட்டு நிரம்பிய மகனைப் படிக்க அனுப்புவதா, தம்மோடு ஆலைக்கு அழைத்துச் செல்வதா என்று இன்றும் பெற்றோர் பலர் தடுமாறுகின்றனர். கடன் ஒருபுறம் நெருக்க, கல்லூரிக் கட்டணத்தை முன்னிறுத்தி, 'என்னோடு இது முடியட்டும்' என்று துணியும் தந்தையின் வீரம் தித்தன் மகனின் வீரத்திற்குக் குறைந்ததன்று. அவ்வாறு எறியப்பட்ட துண்டுகளால் இவ்வகுப்பறைகளுக்கு வந்தோர் நம் மாணவருள் உளர். அவர்கள் தொடங்குவதே உண்மையான இரண்டாம் பாகம்.