அயர்லாந்தின் காலை உணவு: பெயரில் இல்லாதது தட்டில் இருக்கிறது!

மேற்படிப்புக்காகவும் மருத்துவமனை வேலைக்காகவும் அயர்லாந்து செல்லும் இந்தியர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே வருகிறது. அவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அங்கே போய் இறங்கிய மறுநாள் காலையில், தங்கும் விடுதியில் பெரும்பாலும் கேட்கப்படும் கேள்வி இதுதான்: "ஃபுல் ஐரிஷ் சாப்பிடுகிறீர்களா?"

அது என்ன என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. ஏனென்றால், அந்தத் தட்டில் உள்ள பல பொருட்களின் பெயரை வைத்து அது எதனால் செய்யப்பட்டது என்று கண்டுபிடிக்க முடியாது.

தட்டில் என்னென்ன இருக்கும்?

பொரித்த முட்டை, வதக்கிய தக்காளி, காளான், சில இடங்களில் தக்காளிச் சாற்றில் வெந்த பீன்ஸ். இவற்றுடன் ரேஷர், சாசேஜ், பிளாக் புட்டிங், ஒயிட் புட்டிங். பக்கத்தில் சோடா ரொட்டி, வெண்ணெய், ஆரஞ்சு மார்மலேட், கடுப்பமான பால் தேநீர். வடக்கு அயர்லாந்தில் இதையே 'அல்ஸ்டர் ஃப்ரை' என்பார்கள். அங்கே மசித்த உருளைக்கிழங்கில் மாவு சேர்த்துத் தட்டிய ரொட்டியையும் அதே கொழுப்பில் பொரித்து வைப்பார்கள்.

ஐரிஷ் மக்கள் இதைத் தினமும் சாப்பிடுவதில்லை. வார இறுதியில் வீட்டிலும், பயணத்தின்போது விடுதியிலும் சாப்பிடும் உணவு இது.

எங்கிருந்து வந்தது?

இது விவசாயக் குடும்பங்களின் உணவு. 19ஆம் நூற்றாண்டில் குத்தகை நிலத்தில் வாழ்ந்த ஏழை விவசாயி, உருளைக்கிழங்கின் மிச்சத்தைப் போட்டு ஒரு பன்றியை வளர்ப்பார். அதை விற்றுத்தான் நிலச்சுவான்தாருக்குக் குத்தகைப் பணம் கட்டுவார். 'குத்தகை கட்டும் கனவான்' என்று பன்றிக்குப் பட்டப்பெயரே இருந்தது. வீட்டுக்காக அறுத்தால் எதையும் வீணாக்க மாட்டார்கள். இறைச்சியை உப்பிட்டு வைப்பார்கள். இரத்தத்தையும் கொழுப்பையும் ஓட்ஸுடன் கலந்து குடலில் அடைப்பார்கள். இன்றைய காலை உணவுத் தட்டு அங்கிருந்து வந்ததுதான்.

பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

'புட்டிங்' என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு முட்டையும் பாலும் சேர்த்த இனிப்புதான் நினைவுக்கு வரும். ஆனால் பிளாக் புட்டிங் என்பது பன்றியின் இரத்தம், கொழுப்பு, ஓட்ஸ் அல்லது பார்லி சேர்த்துச் செய்வது. கார்க் மாவட்டத்தின் குளோனகில்டி என்ற ஊர் இதற்காகவே பெயர் பெற்றது. ஒயிட் புட்டிங்கில் இரத்தம் இல்லை. ஆனால் பன்றி இறைச்சியும் கொழுப்பும் உண்டு. ரேஷர் என்பது பன்றி இறைச்சித் துண்டு. வேறு எதுவும் சொல்லாமல் வெறும் 'சாசேஜ்' என்றால் அங்கே அது பன்றிதான்.

கடைகளில் இன்னொன்று விற்பார்கள்: ஜாம்பான். காதுக்கு 'ஜாம் பன்' போலக் கேட்கும். உள்ளே இருப்பதோ பாலாடைக்கட்டியும் ஹேம் எனப்படும் பன்றி இறைச்சியும்.

பன்றி இறைச்சியும் ஓடும் இரத்தமும் ஹராம் என்பது குர்ஆனில் தெளிவாகச் சொல்லப்பட்டது (2:173, 5:3, 6:145). பிளாக் புட்டிங்கில் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன.

எடுத்து ஒதுக்கினால் போதுமா?

போதாது. பிரச்சினை வாணலியில் இருக்கிறது. ரேஷரும் சாசேஜும் பொரிந்த அதே கொழுப்பிலேயே முட்டையையும் காளானையும் ரொட்டியையும் பொரிப்பது இந்த உணவின் பழைய வழக்கம். சூடாக உணவு விற்கும் கடைகளில், ஒரே இடுக்கியால் எல்லாவற்றையும் எடுப்பதும் உண்டு. எனவே "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. "தனி வாணலியில், எண்ணெயில் பொரித்துத் தர முடியுமா?" என்று கேட்க வேண்டும்.

இன்னொரு விஷயம். ஐரோப்பியச் சட்டப்படி உணவகங்கள் 14 வகை ஒவ்வாமைப் பொருட்களைத் தெரிவிக்க வேண்டும். முட்டை, பால், கோதுமை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பன்றி இல்லை. உணவுப் பட்டியலில் உள்ள அந்த எண்களைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

எதைச் சாப்பிடலாம்?

நிறையவே இருக்கிறது. சோடா ரொட்டி கோதுமை மாவு, மோர், சமையல் சோடா, உப்பு ஆகியவற்றால் ஆனது. ஈஸ்ட் கிடையாது; மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து மாவை உப்ப வைக்கின்றன. சில இடங்களில் இதே ரொட்டியில் ஸ்டவுட் எனும் மதுவைச் சேர்ப்பதால் கேட்டுக்கொள்ள வேண்டும். ஓட்ஸ் கஞ்சி அந்நாட்டின் பழமையான உணவு. ஹோட்டல்களில் அதன்மேல் விஸ்கி ஊற்றும் வழக்கமும் உண்டு என்பதால் "சாதாரணமாகத் தாருங்கள்" என்று சொல்லிவிடலாம். வேகவைத்த முட்டை, புகையூட்டிய சால்மன் மீன், பழங்கள், வெண்ணெய் ஆகியவற்றில் சிரமம் இல்லை.

ஹலால் சாசேஜ் வாங்கி வீட்டிலேயே 'ஐரிஷ்' காலை உணவு சமைக்கும் முஸ்லிம் குடும்பங்களும் அங்கே உண்டு. 2022 கணக்கெடுப்பின்படி அயர்லாந்துக் குடியரசில் 80 ஆயிரத்துக்கும் அதிகமான முஸ்லிம்கள் வாழ்கிறார்கள். டப்ளினில் ஹலால் கடைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. சிற்றூரான பாலிஹானிஸில்கூட ஹலால் இறைச்சித் தொழிலை ஒட்டி 1987இல் பள்ளிவாசல் கட்டப்பட்டது.

எப்படிச் சொல்வது?

ஐரிஷ் மக்கள் விருந்தோம்பலுக்குப் பெயர் பெற்றவர்கள். சமைத்து வைத்த தட்டைத் தொடாமல் திருப்பினால் வருந்துவார்கள். முந்தைய இரவே சொல்லிவிட்டால் மகிழ்ச்சியோடு மாற்றித் தருவார்கள். "நான் முஸ்லிம். பன்றியும் இரத்தமும் மதுவும் சேர்ந்த எதையும் சாப்பிடுவதில்லை" என்ற இரண்டு வாக்கியங்கள் போதும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அறியாமல் ஒரு கவளம் சாப்பிட்டுவிட்ட பிள்ளை, வீட்டுக்குச் சொல்லப் பயந்து தவிப்பதும் நடக்கிறது. அறியாமல் நடந்ததற்குக் குற்றமில்லை (33:5). தெரிந்தவுடன் நிறுத்திக்கொள்வதே கடமை. பயணம் அனுப்பும் பெற்றோர் பெட்டியில் ஊறுகாயை வைக்கும்போது, இந்தப் பெயர்களையும் இந்த ஆறுதலையும் சேர்த்தே சொல்லி அனுப்புங்கள்.